சுஜாதா (எஸ். ரங்கராஜன்)

சுஜாதா என்ற புனைபெயரில் எழுதிய எஸ். ரங்கராஜன் (3 மே 1935 – 27 பிப்ரவரி 2008) தமிழ் எழுத்தாளர், மின்னணுப் பொறியாளர், நாடகாசிரியர், திரைப்பட உரையாடலாசிரியர். மத்திய அரசின் விமானப் போக்குவரத்துத் துறையில் பணியைத் தொடங்கி, பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் ஓய்வு பெற்றார். துப்பறியும் தொடர்கதை, அறிவியல் புனைகதை, வரலாற்றுப் புதினம், சிறுகதை, கட்டுரை, நாடகம் என நூற்றுக்கும் மேற்பட்ட நூல்கள் அவர் பெயரில் உள்ளன. விமான நிலையத்திலும் தொழிற்சாலையிலும் வேலை பார்த்துக்கொண்டே வாரப் பத்திரிகைகளுக்குத் தொடர்கதை எழுதியவர். 1960களின் இறுதியிலிருந்து சுமார் 40 ஆண்டுகள் தமிழ் வெகுஜன உரைநடையின் போக்கை மாற்றியவர்களில் முதன்மையானவர்.

இளமையும் கல்வியும்

சென்னைத் திருவல்லிக்கேணியில் பிறந்தார். தந்தை மின்வாரியப் பணியில் அடிக்கடி ஊர் மாற வேண்டியிருந்ததால், ஸ்ரீரங்கத்தில் பாட்டியின் வீட்டில் வளர்ந்தார். கோயில் தெருக்களும் அங்கு பார்த்த மனிதர்களும் பிற்காலத்தில் ‘ஸ்ரீரங்கத்து தேவதைகள்’ தொகுப்பின் கதைகளாயின. பள்ளிப் படிப்பை ஸ்ரீரங்கத்திலும் இயற்பியல் பட்டப் படிப்பைத் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியிலும் முடித்தார். அதன்பின் சென்னைக் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் மின்னணுவியல் படித்தார். இரு கல்லூரிகளிலும் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் அவர் காலத்து மாணவர். எம்.ஐ.டி.யில் கலாம் எடுத்துக்கொண்டது விமானப் பொறியியல்.

விமானப் போக்குவரத்துத் துறை

படிப்பு முடிந்ததும் மத்திய அரசுப் பணியில் சேர்ந்து, சென்னை மீனம்பாக்கத்தில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுப் பணி செய்தார். பின்னர் தொழில்நுட்ப அதிகாரியாகத் தேர்வு பெற்று டில்லிக்குச் சென்றார்.

ரேடார் பரவலாகாத காலம் அது. விமானம் எங்கே இருக்கிறது என்பதை விமானி வானொலியில் சொன்னால்தான் தரையில் இருப்பவருக்குத் தெரியும். ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு காகிதச் சீட்டு உண்டு. அதில் அழைப்புப் பெயர், உயரம், கடக்க வேண்டிய இடம், கடக்கும் நேரம் எல்லாம் குறிக்கப்படும். இரண்டு சீட்டுகளில் ஒரே உயரமும் ஒரே நேரமும் வந்துவிட்டால் ஒரு விமானத்தை மேலேயோ கீழேயோ நகர்த்தியாக வேண்டும். பேச வேண்டியதைச் சில சொற்களில், வேறு பொருள் கொள்ள இடமின்றிப் பேச வேண்டும். வருணனை குறைந்த, நேரமும் இடமும் துல்லியமாகக் குறிக்கப்பட்ட சுஜாதாவின் உரைநடையைப் படிப்பவர்கள் இந்தத் தொழிற்பழக்கத்தின் சாயலை அதில் காணலாம்.

டில்லி வாழ்க்கை அவருடைய எழுத்துக்கு இன்னொரு வாசலையும் திறந்தது. 1965இல் கி. கஸ்தூரிரங்கன் அங்கே தொடங்கிய ‘கணையாழி’ இதழில் ‘ஸ்ரீரங்கம் எஸ்.ஆர்.’ என்ற பெயரில் கடைசிப் பக்கக் கட்டுரைகளை எழுதினார். வெகுஜன வார இதழ், இலக்கியச் சிற்றிதழ் இரண்டிலும் ஒரே சமயத்தில் எழுதிய தமிழர்கள் மிகச் சிலரே. அந்தக் கட்டுரைகள் ‘கணையாழியின் கடைசிப் பக்கங்கள்’ என்ற நூலாக வந்துள்ளன.

பாரத் எலக்ட்ரானிக்ஸ்

பின்னர் பெங்களூருக்குச் சென்று, 1954இல் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் தொடங்கப்பட்ட பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். பொறியியல், ஆராய்ச்சிப் பிரிவுகளில் உயர்ந்து, 1990களின் தொடக்கத்தில் ஓய்வு பெற்றார்.

மின்னணு வாக்குப்பதிவு எந்திரத்தின் உருவாக்கத்தில் அவருக்கு இருந்த பங்கே இந்தக் காலத்தில் பரவலாக அறியப்பட்ட பணி. அந்த எந்திரத்தில் இரு பகுதிகள் உண்டு. வாக்காளர் பொத்தானை அழுத்தும் பகுதியில் 16 வேட்பாளர்களுக்கு இடம் இருக்கும். முந்தைய மாதிரிகளில் இப்படி நான்கை இணைத்து 64 பேர் வரை போட்டியிட முடிந்தது. வாக்குச்சாவடி அதிகாரியிடம் இருக்கும் கட்டுப்பாட்டுப் பகுதியில் அவர் பொத்தானை அழுத்தினால்தான் அடுத்த வாக்கு பதிவாகும். சாவடியைக் கைப்பற்றுவோர் கட்டுக்கட்டாக முத்திரை குத்தித் திணிக்க முடியாதபடி செய்தது இந்த ஏற்பாடு. மின்சாரம் இல்லாத ஊர்களுக்காக எந்திரம் மின்கலத்தில் இயங்கும்.

1982 மே மாதம் கேரளத்தின் வடக்குப் பரவூர் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் எந்திரம் முதன்முதலாகப் பயன்படுத்தப்பட்டது. சட்டத்தில் இடமில்லை என்று கூறி 1984இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பயன்பாட்டைச் செல்லாததாக்கியது. பின்னர் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் திருத்தப்பட்டு, எந்திரத்துக்குச் சட்ட அங்கீகாரம் கிடைத்தது. எந்திரத்தின் உருவாக்கத்தில் ஆற்றிய பணிக்காக அவருக்கு வாஸ்விக் விருது வழங்கப்பட்டது.

எழுத்தின் தொடக்கம்

அவருடைய முதல் கதை 1953இல் திருச்சியிலிருந்து திருலோக சீதாராம் நடத்திய ‘சிவாஜி’ இதழில் வந்தது. 1962இல் ‘குமுதம்’ இதழில் வெளியான ‘இடது ஓரத்தில்’ அவரைப் பரவலாக அறிமுகப்படுத்தியது. குமுதம் ஆசிரியர் குழுவில் ஏற்கெனவே ரா. கி. ரங்கராஜன் இருந்ததால், குழப்பம் வராதிருக்கத் தம் மனைவியின் பெயரையே புனைபெயராக்கிக்கொண்டார். பிற்காலத்தில் எழுத்தாளர் பெண் என்று நம்பிய வாசகர்களும் இருந்தனர்.

துப்பறியும் புதினங்கள்

1968இல் குமுதத்தில் தொடராக வந்த ‘நைலான் கயிறு’ அவருடைய முதல் பெரும் வெற்றி. வழக்கறிஞர் கணேஷ் அதில் அறிமுகமாகிறார். ‘அனிதா இளம் மனைவி’, ‘காயத்ரி’, ‘ப்ரியா’ என்று தொடர்ந்த கதைகளில் கணேஷும் அவருடைய உதவியாளர் வசந்தும் தமிழ் வாசகர்களுக்கு வீட்டு ஆட்களைப் போல ஆனார்கள். கணேஷ் நிதானமானவர், நிறையப் படித்தவர். வசந்த் வாயாடி, பெண்களைக் கண்டால் வழிகிறவன். வசந்த் சொல்லத் தொடங்கி ஒருபோதும் சொல்லி முடிக்காத ‘மெக்சிகோ சலவைக்காரி’ ஜோக் என்ன என்று இரண்டு தலைமுறை வாசகர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

தமிழ்வாணனின் சங்கர்லால், தேவனின் துப்பறியும் சாம்பு என்று தமிழில் துப்பறிவாளர்கள் முன்பே இருந்தார்கள். சங்கர்லால் எதிரிகளை வீரத்தால் வென்றார், சாம்பு தற்செயலால் வென்றார். கணேஷ் வெல்வது பெரும்பாலும் ஆவணங்களாலும் சட்டத்தின் நுணுக்கங்களாலும். உயில், காப்பீடு, சொத்து மாற்றம், தடயவியல் அறிக்கை முதலியவை கதையின் மூலப் பொருள்கள். ‘கொலையுதிர் காலம்’ பேய்க்கதையின் அச்சத்தையும் ஒளிக்கற்றையால் உருவம் காட்டும் தொழில்நுட்பத்தையும் எதிரெதிரே நிறுத்தி, எது உண்மை என்ற கேள்வியைக் கடைசி வரை இழுத்துச் செல்கிறது. ‘கரையெல்லாம் செண்பகப்பூ’வில் நாட்டுப்புறப் பாடல் ஆய்வுக்குக் கிராமத்துக்கு வரும் இளைஞன் கொலையில் சிக்குகிறான்.

விமானத்துறை நேரடியாகக் கதையான இடமும் உண்டு. ‘14 நாட்கள்’ குறுநாவலில் 1971 வங்கதேசப் போரில் விமானம் வீழ்த்தப்பட்டுச் சிறைப்படும் இந்திய விமானப் படை அதிகாரியின் நாட்கள் சொல்லப்படுகின்றன. வீர வசனங்களைத் தவிர்த்து, பசி, வலி, விசாரணை, தப்பும் வழி ஆகியவற்றையே அது பின்தொடர்கிறது.

வரலாற்றுப் புதினங்கள்

கல்கி, சாண்டில்யன் வழியில் தமிழ் வரலாற்றுக் கதை என்றால் செந்தமிழ் உரையாடல், நீண்ட வருணனை, தவறாத வீரம் என்றே வழக்கமாகியிருந்தது. சுஜாதா இந்த வகைக்குள் தம் நடையை மாற்றிக்கொள்ளாமலே நுழைந்தார்.

1857 எழுச்சியைப் பின்னணியாக வைத்து அவர் குமுதத்தில் தொடங்கிய ‘கறுப்பு சிவப்பு வெளுப்பு’, ஒரு சமூகத்தைச் சித்தரித்த விதத்துக்காக எழுந்த எதிர்ப்பால் பாதியில் நிறுத்தப்பட்டது. பின்னர் கதையைத் திருத்தி ‘ரத்தம் ஒரே நிறம்’ என்ற பெயரில் எழுதி முடித்தார். தெற்கத்தி இளைஞன் முத்துக்குமரனின் தனிப்பட்ட பகை அவனை வடக்கே கலவரத்தின் நடுவே கொண்டுபோய் விடுகிறது. இரு தரப்பின் கொடூரங்களையும் மறைக்காமல் காட்டியதே இந்த நாவலின் பலம். மாற்றிய தலைப்பும் அந்த நோக்கைச் சொல்லிவிடுகிறது.

‘காந்தளூர் வசந்தகுமாரன் கதை’ முதலாம் ராஜராஜ சோழன் (ஆட்சி 985–1014) காலத்தில் நடப்பது. ராஜராஜனின் கல்வெட்டுகள் அவனுடைய வெற்றிகளில் காந்தளூர்ச் சாலையை முன்வைக்கின்றன. அங்கே உண்மையில் என்ன நடந்தது என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. வரலாறு விட்டுவைத்த அந்த இடைவெளியில்தான் சுஜாதா கதையை நிறுத்துகிறார். நாயகன் வசந்தகுமாரன் குறும்புக்காரன், அவனுக்குத் துணை கணேச பட்டர். கணேஷும் வசந்தும் ஆயிரம் ஆண்டு பின்னோக்கிப் போனால் எப்படி இருப்பார்கள் என்ற விளையாட்டை வாசகர் உடனே கண்டுகொள்வார். ஆனால் சோழ நிர்வாகம், வணிகம், அரண்மனைச் சூழ்ச்சி ஆகியவற்றைச் சொல்லும்போது விளையாட்டு நின்றுவிடுகிறது.

துப்பறியும் புதினம், வரலாற்றுப் புதினம் இரண்டுக்கும் அவர் கையாண்ட முறை ஒன்றே. சான்றுகளைச் சேர்ப்பது, அவை சொல்லாத இடத்தை ஊகத்தால் நிரப்புவது, ஊகம் சான்றுக்கு முரணாகாமல் பார்த்துக்கொள்வது. கொலை வழக்கில் தடயம் செய்யும் வேலையை வரலாற்றுக் கதையில் கல்வெட்டு செய்கிறது.

நடை

குறுகிய வாக்கியங்கள், பேச்சுத் தமிழும் ஆங்கிலச் சொற்களும் கலந்த உரையாடல், எதிர்பாராத நகைச்சுவை ஆகியவை அவர் நடையின் அடையாளங்கள். மாடிப்படியில் ஒருவன் இறங்குவதைச் சொல்ல, ‘இறங்கினான்’ என்ற சொல்லின் எழுத்துகளைப் படிப்படியாகக் கீழே இறக்கி அச்சிடச் செய்தது இன்றும் பேசப்படுகிறது.

‘நகரம்’ சிறுகதை அவருடைய சிறந்த படைப்புகளில் ஒன்று. மூளைக் காய்ச்சல் கண்ட மகளைக் கிராமத்திலிருந்து மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும் வள்ளியம்மாள், சீட்டு வாங்கவும் அறை தேடவும் அலைகிறாள். யாரும் அவளை விரட்டவில்லை, யாரும் கெட்டவர்களும் இல்லை. முறைகளின் சுற்றில் அவள் வழி தவறி, மகளைத் தூக்கிக்கொண்டு ஊருக்கே திரும்பிவிடுகிறாள். ஒரு அமைப்பு எந்த இடத்தில் மனிதனைக் கைவிடுகிறது என்பதைப் பழுது பார்க்கும் பொறியாளரின் கண்ணோடு காட்டிய கதை இது.

அறிவியல் எழுத்து, நாடகம், திரைப்படம்

‘என் இனிய இயந்திரா’, ‘மீண்டும் ஜீனோ’ ஆகியவை எந்திர நாய் ஜீனோவைத் தமிழ் வாசகர்களுக்குச் செல்லமாக்கின. ஜூனியர் விகடனில் வந்த ‘ஏன்? எதற்கு? எப்படி?’ கேள்வி-பதில் பகுதி பள்ளி மாணவர்கள் வரை போய்ச் சேர்ந்தது. ஊடகங்கள் வழியாக அறிவியலைப் பரப்பியதற்காக மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் தொடர்புக் குழுவின் விருதை 1993இல் பெற்றார். தமிழக அரசின் கலைமாமணி விருதும் கிடைத்தது.

‘டாக்டர் நரேந்திரனின் வினோத வழக்கு’, ‘கடவுள் வந்திருந்தார்’ முதலிய நாடகங்களை பூர்ணம் விஸ்வநாதன் குழு மேடையேற்றியது. 1977இல் ‘காயத்ரி’யும் 1978இல் ‘ப்ரியா’வும் திரைப்படங்களாயின. நாவலில் லண்டனில் நடக்கும் ‘ப்ரியா’ கதையைத் திரையில் சிங்கப்பூருக்கு மாற்றினார்கள். ‘ரோஜா’, ‘இந்தியன்’, ‘முதல்வன்’, ‘கன்னத்தில் முத்தமிட்டால்’, ‘அந்நியன்’, ‘சிவாஜி’ படங்களில் உரையாடல் எழுதினார். ‘எந்திரன்’ அவர் மறைவுக்குப் பின் 2010இல் வெளிவந்தது.

உலக எழுத்தாளர்களோடு ஒப்பு

விமானத் தொழிலிலிருந்து கதைக்கு வந்தவர்கள் பல மொழிகளில் உண்டு. ஆங்கிலேயரான நெவில் ஷூட் விமானப் பொறியாளர், ஏர்ஸ்பீட் நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவர். உலோகச் சோர்வால் விமானம் உடைவதை 1948இலேயே ‘நோ ஹைவே’ நாவலில் கதையாக்கினார். 1954இல் காமெட் விமானங்கள் அதே காரணத்தால் நடுவானில் சிதறின. 1956 முதல் இலங்கையில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க், இரண்டாம் உலகப் போரில் விமானங்களைத் தரையிலிருந்து வழிநடத்தி இறக்கும் ரேடார் திட்டத்தில் பணியாற்றி, அந்த அனுபவத்தை 1963இல் ‘கிளைட் பாத்’ என்ற நாவலாக எழுதினார். இவர்கள் தொழிலை நேரடியாகக் கதைப்பொருளாக்கினார்கள். சுஜாதா அதை அரிதாகவே செய்தார், தொழிலின் ஒழுங்கை நடைக்குள் கொண்டுவந்தார்.

விமர்சனங்கள்

பெண்களின் தோற்றத்தைக் கதைமாந்தர்கள் பார்க்கும் பார்வை, குறிப்பாக வசந்தின் பேச்சு, இன்று பல வாசகர்களுக்கு உறுத்துகிறது. வாராவாரம் பக்கம் நிரப்ப வேண்டிய நெருக்கடியில் சில தொடர்களின் முடிவுகள் அவசரமாக அமைந்தன. விறுவிறுப்புக்காக ஆழத்தை விட்டுக்கொடுத்தார் என்று சிற்றிதழ் விமர்சகர்கள் குறை கூறியதுண்டு. அதே விமர்சகர்களில் பலர் அவருடைய சிறுகதைகளையும் நாடகங்களையும் விதிவிலக்காக ஏற்றனர்.

இறுதிக் காலம்

ஓய்வுக்குப் பின் சென்னையில் குடியேறி, ஆனந்த விகடனில் ‘கற்றதும் பெற்றதும்’ பத்தியை எழுதினார். புறநானூறு, குறுந்தொகை, ஆழ்வார் பாடல்கள், திருக்குறள் ஆகியவற்றுக்கு எளிய அறிமுகங்களையும் உரையையும் தந்தார். சென்னையில் 2008 பிப்ரவரி 27 அன்று, 72ஆம் வயதில் காலமானார்.

அவரைப் புதிதாகப் படிப்பவர்கள் ‘நைலான் கயிறு’, ‘14 நாட்கள்’, ‘ரத்தம் ஒரே நிறம்’, ‘நகரம்’ ஆகிய நான்கையும் அடுத்தடுத்துப் படித்தால் அவருடைய வீச்சு பிடிபடும். அவருடைய பெரும்பாலான நூல்கள் இன்றும் மறுபதிப்பாகக் கிடைக்கின்றன.