வாங்கிய மென்பொருளும் வாடகை மென்பொருளும்

நண்பர்களே, இந்த முறை கொஞ்சம் கணினி வரலாறு. பயப்பட வேண்டாம், நிரல் எதுவும் எழுதச் சொல்ல மாட்டேன். கடைக்கோ கம்பெனிக்கோ வேண்டிய மென்பொருளைக் காசு கொடுத்து வாங்கிக் கணினியில் ஏற்றிக்கொள்வதுதான் ஒரு காலத்தில் வழக்கம். இப்போது மாத வாடகை கட்டி, இணையத்தில் உலாவியைத் திறந்து பயன்படுத்துகிறார்கள். இந்த மாற்றம் எப்படி வந்தது? இதில் நம்ம சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. காரைக்கால் கோவில்பத்தில் உட்கார்ந்து எழுதும் எனக்கு இதில் தனி அக்கறையும் உண்டு, அது ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் பழைய கதை. இந்தியாவில் கணக்கு மென்பொருள் என்றாலே டேலிதான். 1986-ல் பெங்களூரில் ஷியாம் சுந்தர் கோயங்காவும் அவர் மகன் பரத் கோயங்காவும் தொடங்கியது. ஒரு தடவை வாங்கினால் அது உங்கள் கணினியில், உங்கள் மேசையில், உங்கள் சொத்து. பெரிய கம்பெனிகளுக்கு இந்த வழி பெரிய தலைவலி. மென்பொருளுக்குத் தனிக் காசு, அதை ஓட்டும் சர்வருக்குத் தனிக் காசு, இரண்டையும் பார்த்துக்கொள்ளும் ஆட்களுக்குச் சம்பளம். புதிய பதிப்பு வந்தால் மறுபடியும் முதலிலிருந்து.

“கணினியை மின்சாரம் மாதிரி, டெலிபோன் மாதிரி பொதுச் சேவையாகக் கொடுக்கலாமே” என்ற யோசனை ரொம்பப் பழசு. 1961-லேயே ஜான் மெக்கார்த்தி என்ற அமெரிக்க விஞ்ஞானி எம்.ஐ.டி. கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் அப்படிப் பேசியிருக்கிறார். அறுபதுகளில் ஒரே பெரிய கணினியைப் பலர் நேரம் பிரித்துப் பயன்படுத்தவும் செய்தார்கள். பிறகு மேசைக்கணினி மலிவாக வந்ததும் அந்த யோசனை ஓரமாகப் போய்விட்டது. மறுபடி அதை எழுப்பியது இணையம். 1996-ல் சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் கொண்டுவந்த ஹாட்மெயிலை நினைத்துப் பாருங்கள். கணினியில் எதுவும் ஏற்ற வேண்டாம், எந்த ஊர் பிரவுசிங் சென்டரிலும் உட்கார்ந்து உங்கள் கடிதத்தைப் படிக்கலாம். கடிதத்துக்கு முடிந்தது கணக்குக்கு முடியாதா?

முடியும் என்று தொண்ணூறுகளின் கடைசியில் சிலர் இறங்கினார்கள், பலர் கையைச் சுட்டுக்கொண்டார்கள். காரணம் சுவாரசியமானது. அவர்கள் செய்தது என்னவென்றால், பழைய மென்பொருளையே எடுத்து ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனித்தனியாக ஒரு பிரதி ஓட்டியது. நூறு குடித்தனத்துக்கு நூறு வீடு கட்டி, நூறு கிணறு வெட்டுவது மாதிரி. செலவு தாங்குமா? அந்த வரிசையில் பெரிய பெயரான யூஎஸ்இன்டர்நெட்வொர்க்கிங் 2002 ஜனவரியில் திவால் மனு கொடுத்தது. ஜெயித்தவர்கள் கட்டியது அடுக்குமாடி. ஒரே மென்பொருள், எல்லோருக்கும் அதே பதிப்பு. ஆனால் ஒரு குடித்தனத்தின் தரவு இன்னொன்றின் கண்ணில் படாது. மேலே தொட்டியில் ஒரு குழாயைச் சரிசெய்தால் எல்லா வீட்டுக்கும் சரியாகிவிடும். என்னைக் கேட்டால் இந்த வரலாற்றின் நிஜமான கண்டுபிடிப்பு இணையம் இல்லை, இந்த அடுக்குமாடிதான்.

அதை ஊரறியச் செய்தவர் மார்க் பெனியாஃப். ஆரக்கிளிலிருந்து வெளியே வந்து 1999-ல் சான்பிரான்சிஸ்கோவில் சேல்ஸ்ஃபோர்ஸைத் தொடங்கினார். ‘மென்பொருள்’ என்ற சொல்லின் குறுக்கே சிவப்புக் கோடு போட்டதுதான் அவர்கள் சின்னம்! 2000-ல் போட்டிக் கம்பெனியான சீபெல் நடத்திய மாநாட்டின் வாசலில் கூலிக்கு ஆள் பிடித்து, “மென்பொருள் ஒழிக” என்று போலி ஆர்ப்பாட்டமே நடத்தினார்கள். (நம்ம ஊர் அரசியல்வாதிகள் தோற்றார்கள், போங்கள்.) அந்த சீபெலை 2006-ல் ஆரக்கிள் வாங்கி விழுங்கிவிட்டது.

இனி நம்ம கதை. தஞ்சாவூர்ப் பக்கத்தைச் சேர்ந்த ஸ்ரீதர் வேம்பு சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து, பிரின்ஸ்டனில் முனைவர் பட்டம் வாங்கியவர். 1996-ல் டோனி தாமஸோடும் தம்பிகளோடும் சேர்ந்து தொடங்கிய கம்பெனிக்குப் பெயர் அட்வென்ட்நெட். தொலைத்தொடர்புக் கருவி செய்பவர்களுக்கு வலையமைப்பு மேலாண்மை மென்பொருள் விற்றார்கள். 2001-ல் டாட்காம் குமிழி உடைந்ததும் வாங்க ஆளில்லை. அந்த அடிதான் அவர்களை வேறு வழி தேட வைத்தது. 2005-ல் ஸோகோ என்ற பெயரில் இணையத்திலேயே எழுதும் ரைட்டரையும் வாடிக்கையாளர் மேலாண்மைச் சேவையையும் வெளியிட்டார்கள். கூகிள் டாக்ஸ் வந்தது அதற்கு அடுத்த வருடம்! 2009-ல் கம்பெனியின் பெயரே ஸோகோ ஆகிவிட்டது. 2011-ல் தென்காசிப் பக்கம் மத்தளம்பாறை கிராமத்திலும் அலுவலகம் திறந்தார்கள்.

சென்னையிலிருந்து இதெல்லாம் நடந்ததற்குத் திறமை மட்டும் காரணம் இல்லை, கடலும் காரணம். 2002-ல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஐ2ஐ கடலடிக் கம்பிவடம் வந்தது, தொடர்ந்து இன்னும் சில. வீட்டுப் பக்கம் நிலைமை வேறு. 2004-ல் அரசு வகுத்த அகலப்பட்டைக் கொள்கையில் குறைந்தபட்ச வேகம் வெறும் 256 கிலோபிட். அந்த வேகத்தில் எந்தக் கடைக்காரர் உலாவியில் பில் போடுவார்? ஆக, செய்தது நாம், பயன்படுத்தியது வெளிநாட்டுக்காரர்கள். ஸோகோவில் வேலை பார்த்த திருச்சிக்காரர் கிரீஷ் மாத்ருபூதம் 2010-ல் தொடங்கிய ஃப்ரெஷ்டெஸ்கின் முதல் வாடிக்கையாளர்கூட ஆஸ்திரேலியாவில் ஒரு கல்லூரி. அதே கம்பெனி ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்று பெயர் மாறி 2021 செப்டம்பரில் நாஸ்டாக் பங்குச் சந்தைக்குப் போனது.

நம்மூர்ச் சின்ன வியாபாரியை இணையத்துக்கு இழுத்துவந்தது இவர்கள் யாருமே இல்லை. 2017 ஜூலை 1-ல் வந்த ஜிஎஸ்டி! அதன் வலைத்தளமும் ஒருவகையில் இணையவழி வணிக மென்பொருள்தானே, பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் எல்லோரும் அதில் ஏறியாக வேண்டும்.

இங்கேதான் காரைக்கால் வருகிறது. தெற்கே வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர், வடக்கே நண்டலாற்றைத் தாண்டினால் பொறையாறு. இரண்டும் தமிழ்நாடு. நாகூர்க்காரர் இங்கே கடைக்கு வந்து கையோடு வாங்கிப்போனால் உள்ளூர் விற்பனை. அதே சரக்கை நாகூரில் கொண்டுபோய் இறக்கிக் கொடுத்தால் மாநிலம் விட்டு மாநிலம், ஐஜிஎஸ்டி. மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில்லும் வேண்டும். பில்லில் நமக்கு எண் 34, நாகூருக்கு 33. பிரெஞ்சுக்காரர்கள் 1739-ல் தஞ்சாவூர் ராஜாவிடமிருந்து காரைக்காலைப் பெற்ற கதை, இன்றைக்கு ஒரு பில்லிங் மென்பொருளின் கட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது!

விதியும் அடிக்கடி மாறும். மின்-விலைப்பட்டியல் 2020 அக்டோபரில் 500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு வந்தது, 2023 ஆகஸ்டில் 5 கோடிவரை இறங்கிவிட்டது. இப்படி விதி மாறும்போது அடுக்குமாடி மென்பொருளில் ஒரே இடத்தில் திருத்தினால் போதும், ஆள் வந்து பென் டிரைவ் போட்டுப் புதுப்பிக்கக் காத்திருக்க வேண்டாம். நம்மைப்போல எல்லைக்கோட்டில் கடை வைத்திருப்பவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் வாடகை வீட்டுக்கு இன்னொரு முகமும் உண்டு. 2025 ஜூலையில் ஐரோப்பிய யூனியன் தடை விதித்ததும், குஜராத்தில் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜிக்கு மைக்ரோசாஃப்ட் தன் சேவைகளை நிறுத்தியது. நயாரா டெல்லி உயர்நீதிமன்றத்துக்குப் போன பிறகுதான் சேவை திரும்பியது. காசு கட்டியிருந்தும், தன் கடிதத்தைத் தானே திறக்க முடியாத நிலை! அவ்வளவு பெரிய கம்பெனிக்கே அப்படி என்றால், ஒரு ஜவுளிக்கடை யாரிடம் போய் வழக்குப் போடும்? 2018-ல் கஜா புயல் வந்தபோது டெல்டாவில் மின்சாரமும் செல்பேசிக் கோபுரங்களும் நாள்கணக்கில் படுத்துக்கிடந்தன. கணக்கு எங்கோ ஒரு தரவு மையத்தில் பத்திரமாக இருந்தாலும் அதைப் போய்த் தொட வழியில்லை.

டேலி இன்னும் மறையாமல் கடை மேசைகளில் ஓடுவதற்கு இந்தப் பயமும் ஒரு காரணம் என்றுதான் நினைக்கிறேன். வெறும் பழமைவாதம் என்று அதைச் சொல்லிவிட முடியாது. ஜிஎஸ்டி சட்டத்தின் 36-ஆம் பிரிவு, ஆண்டு அறிக்கைக்கான கெடு நாளிலிருந்து 72 மாதம் கணக்குகளைப் பாதுகாக்கச் சொல்கிறது. ஆறு வருடம்! மூன்றாவது வருடம் வாடகையை நிறுத்திவிட்டால் பழைய கணக்கு எங்கே போகும்? பி.காம் படிக்கும் நண்பர்கள் வீட்டிலோ தெரிந்த கடையிலோ இணையவழிக் கணக்கு ஓடினால், ‘தரவை ஏற்றுமதி செய்’ என்ற பொத்தான் எங்கே இருக்கிறது என்று இந்த வாரமே தேடிக் கண்டுபிடித்து, மாதம் ஒரு பிரதி இறக்கி வையுங்கள்.