பக்கவாதம், இதய நோய்: மருத்துவமனையில் இருக்கும்போது உடல் எடையும் ஊட்டமும்

பக்கவாதம், மாரடைப்பு அல்லது இதயச் செயலிழப்பு காரணமாக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவரின் ஊட்டச்சத்து நிலையை எடை பார்க்கும் கருவி மட்டும் கூறிவிடாது. அந்த எடையில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, நீர் எவ்வளவு என்பதே முக்கியம். இதனை உடல் அமைவு என்கிறோம். மீண்டும் எழுந்து நடப்பதற்குத் தேவையானது தசை. படுக்கையில் இருக்கும் நாட்களில் முதலில் குறைவதும் அதுவே.

இந்தியர்கள் இதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஞ்னிக்கும் இலண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் 2004-இல் ‘லான்செட்’ இதழில் தங்களையே எடுத்துக்காட்டாக முன்வைத்தனர். இருவரின் உடல் நிறை குறியீட்டெண்ணும் 22.3. ஆனால் யுட்கின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஞ்னிக் உடலில் 21.2 விழுக்காடு. இதனால்தான் நம் நாட்டவர்க்கு 23-க்கு மேல் அதிக எடை, 25-க்கு மேல் உடல் பருமன் என வரம்பு தாழ்த்தப்பட்டுள்ளது. வயிறு பருத்து, கை கால் மெலிந்தவர் ‘நல்ல உடம்பு’ உடையவராகத் தோன்றலாம். அவரிடம் தசை இருப்பு குறைவாகவே இருக்கும்.

ஊட்டக்குறைவின் விளைவு சிறிதன்று. பல நாடுகளில் நடந்த ‘ஃபுட்’ ஆய்வின் முடிவு 2003-இல் வெளியானது. பக்கவாதத்துடன் சேர்க்கப்பட்டபோதே ஊட்டம் குன்றியிருந்தவர்களில் 100-க்கு 37 பேர் ஆறு மாதத் தொடர்கண்காணிப்பு முடிவதற்குள் இறந்தனர். ஊட்டம் இயல்பாக இருந்தவர்களில் 20 பேர். வயது முதலிய பிற காரணங்களைக் கணக்கிட்ட பின்னரும் இந்த வேறுபாடு நீடித்தது.

விழுங்கும் திறனும் மூக்குக் குழாயும்

பக்கவாதத்தில் கை கால் மட்டுமன்றித் தொண்டைத் தசைகளும் பாதிக்கப்படலாம். விழுங்கும் திறனைச் செவிலியரோ மருத்துவரோ சோதிக்கும் முன்னர் ஒரு மிடறு தண்ணீரும் கொடுக்காதீர்கள். மலைக்கோயிலிலிருந்து கொண்டுவந்த பிரசாதமாயினும் வாயில் இடாதீர்கள்; திருநீற்றை நெற்றியில் இடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உணவு நுரையீரலுக்குள் சென்றால் நிமோனியா ஏற்படும். உண்ணும்போது இருமல், உண்டபின் குரல் கரகரத்து ஈரமாக ஒலித்தல் ஆகியவை அதன் அறிகுறிகள்.

விழுங்க இயலாதவர்க்கு மூக்கு வழியாகக் குழாய் வைக்கப்படும். ‘குழாய் வைத்துவிட்டார்கள், இனி நம்பிக்கையில்லை’ என்று பல குடும்பத்தினர் அஞ்சி மறுக்கின்றனர். இது தவறான எண்ணம். விழுங்கும் திறன் பெரும்பாலோர்க்கு நாட்களிலோ வாரங்களிலோ திரும்புகிறது. அதுவரை பட்டினியால் தசை கரையாமல் காப்பதே குழாயின் வேலை. குழாய் வழியாகவோ வாய் வழியாகவோ உணவளிக்கும்போது தலைப்பகுதியை உயர்த்தி வையுங்கள். முடிந்த பின்னும் அரை மணி நேரம் அவ்வாறே இருக்கட்டும்.

கஞ்சி மட்டும் போதாது

நோயாளிக்கு எளிதில் செரிக்கும் என்று நீர்த்த அரிசிக் கஞ்சியையே வேளைதோறும் கொடுப்பது நம் பகுதியில் வழக்கம். அதில் பெரும்பகுதி நீரும் மாவுச்சத்துமே. சிறுநீரக நோய் இல்லாத 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 60 முதல் 70 கிராம் புரதம் தேவைப்படும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராமும், ஒரு தம்ளர் பாலில் 6 முதல் 7 கிராமும் உள்ளன. கஞ்சியை விடவே வேண்டும் என்பதில்லை. அதில் வேகவைத்து மசித்த பாசிப்பருப்பையோ கேழ்வரகு மாவுடன் பாலையோ சேருங்கள். சைவ உணவு உண்பவர்க்குத் தயிர், பருப்பு, சுண்டல், பன்னீர் உண்டு. பசியில்லாதவர்க்குச் சிறு அளவாக ஆறு வேளை கொடுக்கலாம். சிறுநீரகப் பாதிப்பு இருந்தால் புரத அளவை மருத்துவரே முடிவு செய்வார்.

இதயச் செயலிழப்பில் எடை ஏமாற்றும்

இதயம் வலுவிழந்தால் உடலில் நீர் தேங்கும். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ எடை. எனவே தசை கரைந்துகொண்டிருக்கும்போதே எடை கூடலாம். மாத்திரையால் நீர் வடிந்த பின்னரே தொடையும் தோளும் மெலிந்திருப்பது தெரியவரும். காலையில் சிறுநீர் கழித்தபின், உண்ணும் முன், ஒரே கருவியில் எடை பார்த்துக் குறித்துவையுங்கள். மூன்று நாட்களுக்குள் 2 கிலோ கூடினால் மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

தசையை மதிப்பிட எளிய வழி அளவு நாடா. கெண்டைக்கால் சுற்றளவு ஆண்களுக்கு 34 செ.மீ.க்கும் பெண்களுக்கு 33 செ.மீ.க்கும் குறைவாக இருந்தால் தசைக் குறைவு இருக்கலாம். பக்கவாதம் வந்தவர்க்குப் பாதிக்கப்படாத காலில் அளவெடுங்கள். கால் வீங்கியிருந்தால் இந்த அளவை நம்பக் கூடாது. மேற்கையை அளந்து வாரந்தோறும் ஒப்பிடலாம்.

உப்பு நாளொன்றுக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டிக்கு மிகாமல் இருக்க வேண்டும். ஆந்திர எல்லையை ஒட்டிய நம் வீடுகளில் ஆவக்காயும் கோங்குராவும் இன்றி உணவு இறங்காது என்பர். ஆயினும் ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றைத் தவிர்த்து எலுமிச்சை, புளி, சீரகம், மல்லி ஆகியவற்றால் சுவை கூட்டுங்கள். உப்பைக் குறைப்பதற்காக உணவையே குறைத்துவிடாதீர்கள். ‘குறைந்த சோடியம்’ உப்பில் பொட்டாசியம் இருப்பதால், சில இதய மாத்திரைகள் உண்பவர்க்கு அது ஆபத்தாகலாம். கேட்ட பின்னரே வாங்குங்கள்.

வீடு திரும்பிய பின்

கிருத்திகை விரதமும், 365 படிகளை ஏறித் தணிகை முருகனை வணங்கும் நேர்த்திக்கடனும் பலர்க்கு உண்டு. நீரிழிவு மாத்திரை அல்லது இன்சுலின் எடுப்பவர் மருத்துவரைக் கேளாமல் விரதம் இருந்தால் சர்க்கரை அபாயகரமாகத் தாழலாம். படியேறுவதற்கும் முன்னதாகவே அனுமதி கேளுங்கள். மலைமேல் வாகனம் செல்லச் சாலை உள்ளது.

தசை மீள்வதற்குப் புரதத்துடன் பயிற்சியும் தேவை. 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டிலேயே வழங்கப்படுகிறது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள். உணவு குறித்த ஐயங்களுக்கு 104-ஐ அழைக்கலாம். முகம் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறல், நெஞ்சுவலி, படுத்தால் மூச்சுத் திணறல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் உடனே 108-ஐ அழையுங்கள்.