புள்ளிப் பரவல்: புள்ளியியல் மென்பொருளில் குறிக்கும் முறை

காட்டில் நிற்கும் மரங்கள், ஒரு மாவட்டத்தில் நோயாளிகள் வாழும் வீடுகள், நுண்ணோக்கியில் தெரியும் செல்களின் மையங்கள் என, எவை எங்கே அமைந்திருக்கின்றன என்பதே கேள்வியாக இருக்கும் தரவு புள்ளிப் பரவல் எனப்படும். இதைக் கணினியில் சேமிக்க ஆயத்தொலைவுகளின் இரண்டு நெடுவரிசைகள் போதும் என்று தோன்றலாம், ஆனால் போதாது. எந்தப் பரப்பில் தேடிய பிறகு இந்தப் புள்ளிகள் கிடைத்தன என்பதும் தரவின் பகுதியே. அந்தப் பரப்பைச் சாளரம் என்பர். சாளரத்துக்குள் புள்ளி இல்லாத வெற்றிடமும் ஓர் அவதானிப்பு: அங்கே பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. சாளரத்துக்கு வெளியே உள்ள வெற்றிடத்துக்கு அந்தப் பொருள் கிடையாது. வெறும் பட்டியலில் இவ்விரண்டும் ஒன்றுபோலத் தெரியும்.

இந்த வேறுபாடு முடிவையே புரட்டிவிடும் என்பதற்குக் கிளார்க்கும் எவான்ஸும் 1954-இல் முன்வைத்த குறியீட்டெண்ணே சான்று. ஒவ்வொரு புள்ளிக்கும் மிக அருகிலுள்ள புள்ளியின் தொலைவை அளந்து, அவற்றின் சராசரியை, புள்ளிகள் சமவாய்ப்பாகச் சிதறியிருந்தால் எதிர்பார்க்கத்தக்க தொலைவால் வகுப்பார்கள். விடை 1-க்கு மேல் வந்தால் புள்ளிகள் ஒன்றையொன்று விலக்குகின்றன, கீழே வந்தால் திரள்கின்றன என்று கொள்வது வழக்கம். எதிர்பார்க்கும் தொலைவு அடர்த்தியின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். அடர்த்தியோ புள்ளிகளின் எண்ணிக்கையைச் சாளரத்தின் பரப்பால் வகுத்துக் கிடைப்பது. ஆகவே 1.2 என்று வந்த ஒரு பரவலுக்குச் சாளரப் பரப்பை இரட்டிப்பாக்கினால் விடை ஏறத்தாழ 0.85 ஆகிவிடும். ஒரு புள்ளிகூட நகரவில்லை. விலகி நின்றவை திரண்டவையாகிவிட்டன.

இத்துறையின் பழைய தரவுகளும் இதையே காட்டுகின்றன. ஜப்பானில் நுமாட்டா பதிவுசெய்த கருப்பு பைன் கன்றுகள் 65. அவை அளக்கப்பட்டது 5.7 மீட்டர் பக்கமுள்ள சதுரத்தில். பாடநூல்களில் சமவாய்ப்புப் பரவலுக்கு எடுத்துக்காட்டாக வருவது இதுதான். கலிபோர்னியாவின் ரெட்வுட் மரக் கன்றுகள் 195-ஐ ஸ்ட்ராஸ் 1975-இல் ஆராய்ந்தபோது நிலத்தைச் சாய்கோட்டால் இரண்டாகப் பிரித்தார். ஒரு பகுதியில் கன்றுகள் ஓரளவு ஒழுங்காக நிற்பதாகவும் மறு பகுதியில் கொத்துக் கொத்தாக வளர்ந்திருப்பதாகவும் அவருக்குப் பட்டது. ரிப்ளி அதிலிருந்து 62 கன்றுகள் அடங்கிய ஒரு சதுரத்தை மட்டும் வெட்டியெடுத்து 1977-இல் பயன்படுத்தினார். திரளும் பரவலுக்கு இலக்கணமாக இன்று மாணவர்கள் படிப்பது அந்தச் சதுரத்தை. (அதன் குத்தாயங்கள் கழித்தல் 1 முதல் 0 வரை இருந்தன, இன்றைய தொகுப்புகளிலும் அப்படியே நீடிக்கின்றன. தரவும் குடும்ப வழக்கம்போல் கைமாறி வருகிறது.) மரங்கள் திரள்கின்றனவா என்ற கேள்விக்கான விடையில் சதுரத்தை எங்கே வரைந்தார்கள் என்பதற்குப் பெரும்பங்கு உண்டு என்பதை இந்த வரலாறு ஒளிக்கவில்லை.

தொடக்ககால மென்பொருள்கள் சாளரத்தை அறிந்திருந்தாலும் புள்ளிகளோடு சேர்த்துக் கட்டவில்லை. எஸ் மொழிக்காக ரிப்ளி எழுதிய தொகுப்பில் ஒரு கட்டளை மூலம் செவ்வக எல்லையை முதலில் அறிவிக்க வேண்டும். அடுத்து வரும் கணக்குகள் எல்லாம் அந்த எல்லையையே எடுத்துக்கொள்ளும். வேறு தரவுக்கு மாறியவர் எல்லையை மாற்ற மறந்தால் விடை தவறாகும், எச்சரிக்கை வராது. ரௌலிங்சனும் டிகிளும் 1993-இல் வெளியிட்ட ஸ்பிளாங்க்ஸ் தொகுப்பில் புள்ளிகள் ஓர் அணி, எல்லைப் பலகோணம் இன்னோர் அணி. இரண்டையும் ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனியே தர வேண்டும். பேட்லியும் டர்னரும் ஆர் மொழியில் உருவாக்கி 2005-இல் விரிவாக விளக்கிய ஸ்பாட்ஸ்டாட் இதை முறைப்படுத்தியது. அதில் ஆயத்தொலைவுகள், சாளரம், குறிகள் (மரத்தின் வகை, தண்டின் விட்டம் போல ஒவ்வொரு புள்ளியோடும் பதியும் பண்புகள்) மூன்றும் ஒரே பொருளாகச் சேமிக்கப்படுகின்றன. சாளரம் செவ்வகமாகவோ, ஓட்டைகள் உள்ள பலகோணமாகவோ, கட்டங்களால் ஆன முகமூடியாகவோ இருக்கலாம். சாளரத்துக்கு வெளியே விழும் புள்ளிகளை, எச்சரிக்கை தந்து, மென்பொருள் ஒதுக்கி வைக்கும். ஒரே இடத்தில் இரு புள்ளிகள் இருந்தாலும் சொல்லும். நுமாட்டாவின் கன்றுகளை அச்சிட்டால் ஓர் அலகு 5.7 மீட்டர் என்ற குறிப்பும் வருகிறது.

சாளரத்தைப் புள்ளிகளோடு சேர்த்துக் கட்டுவதற்கு எதிர்ப்பு உண்டு. புவித்தகவல் மென்பொருள் மரபில் வந்தவர்களுக்குப் புள்ளி என்பது ஆயத்தொலைவும் பண்புகளும் கொண்ட ஒரு பதிவு. எல்லை தேவைப்பட்டால் எல்லாப் புள்ளிகளையும் அடக்கும் மிகச் சிறிய செவ்வகம் போதும் என்பது அவர்கள் வாதம். இது ஏற்கத்தக்கதன்று, ஏனெனில் அந்தச் செவ்வகம் புள்ளிகளிலிருந்தே பிறக்கிறது. உண்மைச் சாளரம் செவ்வகமாயின், அதைவிட இது பெரிதாக இருக்கவே முடியாது. 65 புள்ளிகள் சமவாய்ப்பாக விழுந்தால் ஒவ்வொரு பக்கமும் சராசரியாக 66-இல் 64 பங்காகச் சுருங்கும், 5.7 மீட்டர் 5.53 ஆகும், அடர்த்தி சுமார் 6 விழுக்காடு மிகையாகத் தெரியும். புள்ளிகள் குறையக் குறையப் பிழை வளரும். தற்செயலாகக் கிடைத்த உயிரினப் பதிவுகளுக்குச் சாளரமே இல்லையே என்பது இதைவிட வலுவான கேள்வி. அங்கும் அடர்த்தியைப் பற்றிப் பேசுகிறவர் ஏதோ ஒரு பரப்பால் வகுத்தே தீர வேண்டும். அந்தப் பரப்பை வாய்விட்டுச் சொல்ல வைப்பது மென்பொருளின் முரட்டுத்தனம் ஆகாது. தேடிய பரப்பும் புள்ளி விழக்கூடிய பரப்பும் வேறு என்பதை (நடுவில் குளம் இருந்தால் அதில் மரம் முளைக்காது) ஒரே சாளரத்தால் பிரித்துக் காட்ட முடியாதுதான். இது உண்மையான குறை. ஓட்டையுள்ள பலகோணம் பெரும்பாலும் சமாளித்துவிடுகிறது.

குறிகளிலும் இதே எச்சரிக்கை தேவை. மிச்சிகனின் லான்சிங் காட்டுத் தரவில் 2,251 மரங்கள், ஆறு வகைகள். வகையைப் பெயராகப் பதிந்தால் மென்பொருள் ஆறு பரவல்களை ஒப்பிடும்; 1 முதல் 6 வரை எண்ணாகப் பதிந்தால் அதையே தண்டின் விட்டம்போல் எடுத்துச் சராசரி போடத் தொடங்கும். நிலத்தின் உயரம், சரிவு போன்றவை குறிகள் அல்ல. அவை புள்ளி இல்லாத இடத்திலும் இருப்பவை என்பதால் தனிப் படமாகவே தரப்பட வேண்டும்.

ஸ்பாட்ஸ்டாட்டில் சாலை வலையமைப்பில் அமையும் புள்ளிகளுக்கும் முப்பரிமாணப் புள்ளிகளுக்கும் தனி வகைகள் உள்ளன. ஸ்பாட்ஸ்டாட் 2021-இல் பல சிறு தொகுப்புகளாகப் பிரிக்கப்பட்டது. பைத்தானிலும் ஒத்த கருவிகள் உண்டு.