நிலவு தீர்த்த வழக்கு

யாழ்ப்பாணத்து மாணவர் பலர் இன்று கைத்தொலைபேசியிலே காணொளிகளைக் கண்டு பௌதிகத்தையும் வானியலையும் சுவைக்கின்றனர். பாடநூலிலே கசந்த பொருள் திரையிலே இனிக்கிறது. இம்மகிழ்ச்சியை நாம் வரவேற்கிறோம். ஆயினும், இக்குடாநாட்டிலே வானியல் வகுப்பறைக்கு வெளியே பேசப்படுவது இதுவே முதன்முறையன்று. ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே அது நிகழ்ந்தது.

1823ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையிலே செமினரி என்னும் உயர்கல்விக்கூடத்தை நிறுவினர். அதன் முதல் அதிபர் டானியல் பூவர். கணிதமும் வானியலும் அங்கே முக்கிய பாடங்கள். ஊரிலோ, கிரகண காலங் கணிப்பது பஞ்சாங்கக்காரரின் பரம்பரைத் தொழில். 1829 மார்ச் 20ஆம் நாள் நிகழவிருந்த சந்திர கிரகணத்தைப் பற்றி இரு கணக்குகள் எழுந்தன. விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கம் குறித்த தொடக்க நேரத்துக்கும் பூவர் குறித்த நேரத்துக்கும் 15 நிமிட வேறுபாடு இருந்தது. எது சரி? ஏட்டைக் காட்டி வாதாட வேண்டியதில்லை, நிலவே நடுவராயிற்று. அன்றிரவு கிரகணம் பூவரின் கணக்கையே மெய்ப்பித்தது.

இதனை அறிவுக்கும் அறியாமைக்கும் நடந்த போர் என்பாருளர். நாம் அதற்கு உடன்படோம். பூமியின் நிழலே சந்திரனை மறைக்கிறது என்பதை ஆரியபட்டர் 499ஆம் ஆண்டளவிலேயே கூறிவிட்டார். 1825இல் புதுச்சேரியிலே ஒரு பஞ்சாங்கக் கணிதர், தரையிலே சோழிகளைப் பரப்பி, மனப்பாடமான வாய்பாடுகளைக் கொண்டு ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்ததை ஜோன் வாரன் என்பார் பதிவுசெய்துள்ளார். தொடக்க நேரத்திலே வந்த பிழை 4 நிமிடமே! அக்கணிதம் அறியாமையன்று. அது சில குடும்பங்களுக்குள்ளே அடைபட்டுக் கிடந்ததே குறை.

மிஷனரிமாரும் குறையற்றவரல்லர். வானியலை அவர்கள் மதம் பரப்பும் கருவியாகவே கொண்டனர். செமினரி மாணவருட் பெரும்பாலோர் வேளாளர். ஒடுக்கப்பட்டோர்க்கு அங்கே இடம் அரிதாயிற்று. எனினும் நற்பயனும் விளைந்தது. பின்னர் அதிபராயிருந்த ஹொய்சிங்டன், 1848இல் இந்து வானியலைத் தமிழ் மூலத்தோடும் ஆங்கில மொழிபெயர்ப்போடும் அச்சிட்டார். செமினரியிலே பயின்ற கறல் விசுவநாதபிள்ளை 1855இல் தமிழிலே வீசகணிதம் எழுதினார். அதே 1855இலேயே செமினரி மூடப்பட்டது. ஆங்கிலங் கற்றவர்கள் மதப்பணியை விடுத்து அரசாங்க உத்தியோகத்தை நாடுகின்றனர் என்பதே மிஷன் தலைமையின் மனக்குறை. தன் நோக்கத்துக்கு உதவாத கல்வியை நிறுவியவரே நிறுத்திவிட்டனர்.

இங்கேதான் நமக்குப் பாடம் உண்டு. அறிவு பிறர் கையிலே கருவியாயிருக்கும் வரை, அதனைத் தருவதும் பறிப்பதும் அவர் விருப்பமே. இன்றைய காணொளித் தளங்களும் பெருங் கம்பனிகளின் உடைமை. அவற்றுட் சிறந்த விளக்கங்கள் பல ஆங்கிலத்திலேயே உள்ளன. இலங்கையிலோ உயர்தர வகுப்பு வரை பௌதிகத்தைத் தமிழிலே கற்கிறோம். ஆசிரியர்களே, கண்டு சுவைத்ததைத் தமிழிலே விளக்குங்கள். மாணவர்களே, அடுத்த சந்திர கிரகணத்தின் நேரத்தை முன்கூட்டியே குறித்து, ஊராரையும் அழைத்து முற்றத்திலே நின்று பாருங்கள். அதற்குத் தொலைகாட்டி தேவையில்லை, கட்டணமுமில்லை. கண்ணாற் கண்டு சரிபார்க்கும் அவ்வுரிமை எல்லோர்க்கும் பொது.