பிரேக்கில் பிடித்த மின்சாரத்துக்கு ஏன் அளவு?



மோட்டார்ப் பந்தயம் பற்றி நான் வானொலியில் பேசி முடித்த பின்னர் ஒரு நேயர் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, எனக்கு ஒரு விஷயம் விளங்கேல்ல. ஓக்லாந்தில பாதிச் சனம் ஹைபிரிட் கார்தான் ஓடுது. பிரேக் பிடிக்கேக்க வாற மின்சாரம் சும்மா வாறதுதானே. அதைப் பந்தயக்காரர் பாவிக்கிறதுக்கு ஏன் அளவு வைக்கிறாங்கள்?" என்றார். வானொலியில் இரண்டு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. ஆகவே இந்த இதழில் எழுதுகிறேன்.

முதலில் அந்தச் "சும்மா வாற" மின்சாரம் எப்படி வருகிறது என்று பார்ப்போம். சைக்கிளில் டைனமோ பூட்டி இரவில் ஓடியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். டைனமோவை ரயருடன் தட்டிவிட்டதும் லைட் எரியும், கூடவே மிதிப்பதும் கனமாகும். அந்தக் கனம்தான் பிரேக். ஹைபிரிட் காரில் சில்லின் வேகத்தை ஒரு மின் இயந்திரம் இப்படி உறிஞ்சி, மின்சாரமாக்கிப் பற்றரியில் வைக்கிறது. பிறகு அதே இயந்திரம் மோட்டாராக மாறிக் காரைத் தள்ளுகிறது. சாதாரணக் காரில் அந்தச் சக்தி முழுவதும் பிரேக் தட்டில் சூடாகிக் காற்றோடு போய்விடும்.

பந்தயக் காரில் வீணாகும் சக்தி சிறியதல்ல. 650 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 300 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும்போது அதில் ஏறத்தாழ 22 இலட்சம் ஜூல் சக்தி இருக்கிறது. 2009இல் ஃபோர்முலா 1 பந்தயத்தில் இந்த முறையை முதன்முதலாக அனுமதித்தபோது, ஒரு சுற்றுக்கு 4 இலட்சம் ஜூல்தான் பயன்படுத்தலாம் என்று விதித்தார்கள். அதாவது ஒரேயொரு முறை முழு வேகத்திலிருந்து நிற்பதில் போகும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. வலுவும் 60 கிலோவாட், சுமார் 80 குதிரைவலு, அதற்கு மேல் கூடாது. கணக்குப் போட்டால் ஒரு சுற்றில் 6.7 விநாடி நேரம் பொத்தானை அழுத்தலாம். இந்த முறையைத்தான் கெர்ஸ் என்று அழைத்தார்கள்.

இந்தக் கதையில் நமது ஊரின் பெயர் ஆரம்பத்திலேயே வருகிறது. றெமுவேராவில் அப்லாண்ட் வீதியில் பெற்றோல் நிலையமும் கராஜும் நடத்திய குடும்பத்தின் பிள்ளைதான் புரூஸ் மெக்லாரன். 1937இல் இங்கே பிறந்தவர். சிறுவயதில் இடுப்பு எலும்பு நோயால் நீண்டகாலம் டாக்கபூனாவில் படுக்கையில் கிடந்தவர். 1963இல் தன் பெயரில் பந்தய அணி தொடங்கினார். 1970இல் இங்கிலாந்தின் குட்வூட்டில் காரைச் சோதித்துப் பார்க்கும்போது 32 வயதில் இறந்தார். அணி இங்கிலாந்தில் வளர்ந்தது, பெயர் மட்டும் றெமுவேராப் பெயராகவே இருக்கிறது.

1990களின் கடைசியில் அந்த மெக்லாரன் அணிக்காக, மெர்சிடிஸ் எஞ்சின்களை வடிவமைத்த மரியோ இலியன் பிரேக்கில் வீணாகும் சக்தியை எண்ணெய் அழுத்தமாகச் சேமித்துத் திருப்பிக் கொடுக்கும் ஒரு முறையை உருவாக்கினார். மின்சாரம் இல்லை, ஹைட்ரோலிக். அது பந்தயத்துக்கு வருமுன்பே சர்வதேச மோட்டார் சம்மேளனமான எஃப்.ஐ.ஏ. விதியை மாற்றித் தடுத்துவிட்டது. பத்து வருடம் கழித்து அதே எஃப்.ஐ.ஏ., மக்ஸ் மொஸ்லி தலைமையில், "இதுதான் எதிர்காலம், வீதிக் கார்களுக்கும் பயன்படும்" என்று சொல்லி அதே எண்ணத்தைக் கொண்டுவந்தது. ஒரு காலத்தில் குற்றமாக இருந்தது மறு காலத்தில் கொள்கையானது. இப்படி நடப்பது விளையாட்டில் மட்டுமல்ல, அதை நேயர்களிடமே விட்டுவிடுகிறேன்.

சரி, அனுமதித்தவர்கள் ஏன் அளவு வைத்தார்கள்? பயமும் ஒரு காரணம். 2008 ஜூலையில் ஸ்பெயினின் ஹெரேஸ் ஓடுதளத்தில் பி.எம்.டபிள்யூ. அணியின் மெக்கானிக் ஒருவர் சோதனைக் காரைத் தொட்டதும் மின்சாரம் தாக்கி விழுந்தார். பணம் இன்னொரு காரணம். அளவு வைக்காவிட்டால் பெரிய அணிகள் செலவழித்துச் செலவழித்து மற்றவர்களை ஓட்டத்திலிருந்தே தள்ளிவிடும். அளவு வைத்தாலும் அந்தச் சாமானைச் செய்ய முதலில் பணம் வேண்டுமே என்பதுதான் பிறகு தெரிந்தது.

2009இல் மெல்பேணில் பருவம் தொடங்கியபோது ஃபெராரி, மெக்லாரன், ரெனோல்ட், பி.எம்.டபிள்யூ. ஆகிய நான்கு அணிகளிடம்தான் கெர்ஸ் இருந்தது. பி.எம்.டபிள்யூ.விலும் உயரமான றொபேர்ட் குபிட்சா அதில்லாமல் ஓடினார். அந்தச் சாமானின் எடை காரைச் சமப்படுத்த விடவில்லை. ஜூலையில் ஹங்கேரியில் லூயிஸ் ஹமில்டன் மெக்லாரனில் வென்றார், கெர்ஸ் பூட்டிய காரின் முதல் வெற்றி அதுதான். ஆனால் உலகக் கிண்ணத்தை வென்றது கெர்ஸ் இல்லாத பிரோன் அணியும் ஜென்சன் பட்டனும். இதைப் பார்த்துப் பலர் "விதி போட்டதால் ஒன்றும் ஆகவில்லை" என்றார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அதற்குக் காரணம் அதே வருடம் ஓகஸ்ட் 30ஆம் திகதி பெல்ஜியத்தின் ஸ்பா ஓடுதளத்தில் நடந்தது.

அன்று முன்வரிசையில் முதலாவதாக நின்றது விஜய் மல்லையாவின் ஃபோர்ஸ் இந்தியா. அதுவரை ஒரு புள்ளிகூட எடுக்காத அணி. ஓட்டியவர் இத்தாலியரான ஜியன்கார்லோ ஃபிசிகெல்லா. எஞ்சின் மெர்சிடிஸ், கியர்பெட்டி மெக்லாரனிடமிருந்து வாங்கியது, கெர்ஸ் மட்டும் இல்லை. முதல் சுற்றிலேயே பின்னால் விபத்து நடந்து பாதுகாப்புக் கார் வந்தது. அது விலகியதும் ஸ்பாவின் புகழ்பெற்ற ஏற்றம் முடிந்து நீண்ட நேர்ப்பாதை வருகிறது. அங்கே ஃபெராரியில் இருந்த கிமி றைக்கோனன் கெர்ஸ் பொத்தானை அழுத்தி முந்திவிட்டார். அதன்பின் ஏறத்தாழ 40 சுற்றுகள் ஃபிசிகெல்லா அவரது பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே ஓடினார். வளைவுகளில் நெருங்குவார், நேர்ப்பாதையில் ஃபெராரி மீண்டும் விலகும். முடிவில் இருவருக்கும் இடையில் ஒரு விநாடிகூட இல்லை. தன் கார்தான் வேகமானது, கெர்ஸினால்தான் தோற்றேன் என்ற பொருளில் ஃபிசிகெல்லா அன்று பேசினார். கடிகாரத்தைப் பார்த்தால் அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. 6.7 விநாடி என்ற சின்ன அளவு ஓர் இந்திய அணியின் முதல் வெற்றியைத் தீர்மானித்தது என்று சொன்னால் மிகையாகாது.

2010இல் விதி இடம் கொடுத்தும், செலவுக்குப் பயந்து அணிகள் தங்களுக்குள் பேசி ஒருவரும் கெர்ஸ் பூட்டுவதில்லை என்று முடிவெடுத்தன. 2011இல் மீண்டும் வந்தது. குறைந்தபட்ச எடையையும் சாரதியுடன் சேர்த்து 640 கிலோவாக உயர்த்தினார்கள், பாரமான சாரதிகளுக்கு அநீதி நடக்கக்கூடாது என்று. ஆனால் ஹிஸ்பானியா, வேர்ஜின், லோட்டஸ் ஆகிய மூன்று சிறிய அணிகள் கெர்ஸ் இல்லாமலே ஓடின.

நமது இரண்டு தமிழ்நாட்டுச் சாரதிகளும் அந்த வருடம் இந்த மூன்றில்தான் இருந்தார்கள். கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் ஹிஸ்பானியாவில், சென்னையின் கருண் சந்தோக் லோட்டஸில். கருணுக்கு ஜேர்மனியில் ஒரே ஒரு பந்தயம் கிடைத்தது. நரேன் மெல்பேணில் பந்தயத்தில் கலந்துகொள்ளவே முடியவில்லை. தகுதிகாண் ஓட்டத்தில் முதல்வரின் நேரத்தில் 107 சதவீதத்துக்குள் வரவேண்டும் என்ற விதி அவரது அணியின் இரண்டு கார்களையும் வெளியே நிறுத்தியது. 2012இலும் மெல்பேணில் அதே கதை. உண்மையைச் சொல்லவேண்டும், கெர்ஸ் ஒரு சுற்றில் கொடுப்பது அரை விநாடிக்கும் குறைவு, அது இருந்திருந்தாலும் அந்தக் கார் முன்னுக்கு வந்திருக்காது. ஆனால் மற்றவர்கள் எல்லாரும் பொத்தானோடு ஓடும்போது, பொத்தானே இல்லாத காரில் நேர்ப்பாதையில் தற்காத்துக்கொள்வது எப்படி? 2011 ஒக்ரோபரில் டெல்லிக்கு அருகில் நடந்த முதலாவது இந்தியப் பந்தயத்தில் நரேன் அந்தக் காரை 17ஆவதாகக் கொண்டுவந்து சேர்த்தார். அதை நான் ஒரு நல்ல ஓட்டமாகவே எண்ணுகிறேன்.

பிரான்சின் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தில் இதே பிரச்சினைக்கு வேறு விடை தேடினார்கள். 2014 முதல் அங்கே அணிகளே தெரிவுசெய்யலாம்: சுற்றுக்கு 2, 4, 6, 8 மெகாஜூல் என்று நான்கு வகுப்புகள். கூடிய மின்சாரம் எடுத்தால் பெற்றோல் குறையும். காகிதத்தில் இதைவிட நேர்மையான விதியை நான் கண்டதில்லை. 2017இல் 8 மெகாஜூல் போர்ஷ 919 காரில் நமது நியூசிலாந்தர் இருவர், பிரென்டன் ஹார்ட்லியும் ஏள் பாம்பரும், ஜேர்மனியரான டிமோ பேர்ன்ஹார்டுடன் சேர்ந்து வென்றார்கள். அன்று பந்தயம் தொடங்கிச் சில மணிநேரத்தில் பழுதானது அந்த ஹைபிரிட்டின் முன் மோட்டார்தான். அதை மாற்ற ஒரு மணிநேரத்துக்கு மேல் போயிற்று, ஏறக்குறைய கடைசி இடத்துக்குப் போன கார் அது. 1966இல் புரூஸ் மெக்லாரனும் கிறிஸ் ஏமனும் ஃபோர்டில் வென்றபின் இரண்டு நியூசிலாந்தர் ஒரே காரில் வென்றது அன்றுதான்.

ஆனால் செலவு? அவுடி 2016 முடிவில் விலகியது, போர்ஷ 2017 முடிவில். உயர் வகுப்பில் ஹைபிரிட் ஓடியது டொயோட்டா மட்டும். 2021இல் புதிய விதி வந்தபோது எஞ்சினும் மோட்டாரும் சேர்ந்தே 500 கிலோவாட் என்று மூடிவிட்டார்கள். முன் சில்லு மோட்டாரைக் குறிப்பிட்ட வேகத்துக்கு மேல்தான் இயக்கலாம்.

விதி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அறிய விரும்புவோர் 2018 ஏப்ரலைப் பார்க்கலாம். ஓய்வுபெற்ற 919 காரின் கட்டுப்பாடுகளை போர்ஷ நீக்கி ஸ்பாவில் ஓடவிட்டது. எஞ்சின் 500 குதிரைவலுவிலிருந்து 720 ஆயிற்று, மின்சாரம் 400இலிருந்து 440. நீல் யானி 1 நிமிடம் 41.770 விநாடியில் ஒரு சுற்றை முடித்தார், அது அதற்கு முந்திய வருடம் ஹமில்டன் ஃபோர்முலா 1 காரில் எடுத்த நேரத்தைவிட வேகம்.

ஃபோர்முலா 1இல் 2014 முதல் 2025 வரை பிரேக்கிலிருந்து எடுக்கும் மோட்டாருக்கு 120 கிலோவாட் எல்லை இருந்தது. புகைக்குழாய்ச் சூட்டிலிருந்து மின்சாரம் எடுக்கும் இன்னொரு இயந்திரத்துக்கு அப்படி எல்லை இல்லை. அது மிக நுட்பமானது, மிகச் செலவானது. 2026 விதிகள் அதை நீக்கி, பிரேக் மோட்டாரை 350 கிலோவாட்டுக்கு உயர்த்தின. புதிய தயாரிப்பாளர்களை வரவழைக்க இது உதவும் என்பதே வாதம், அவுடியும் வந்தது.

அமெரிக்காவின் இன்டிகார் பந்தயம் 2024 ஜூலையில் மிட்-ஓஹாயோவில் ஹைபிரிட்டுக்கு மாறியபோது, நரேனின் காலத்துப் பிரச்சினைக்கு எளிய வழியொன்றை எடுத்தது. எல்லா அணிகளுக்கும் ஒரே சாமான், 48 வோல்ட், ஒரே அளவு. பணக்கார அணியாலும் அதைத் திருத்தி எழுத முடியாது. ஓக்லாந்தில் வளர்ந்து ஆறு முறை அங்கே சம்பியனான ஸ்கொட் டிக்சனும் அதைப் பூட்டிக்கொண்டுதான் அன்று ஓடுதளத்துக்கு வந்தார். பந்தயம் தொடங்குமுன்னர் வரிசையாக மெதுவாகச் சுற்றும்போதே அது பழுதாகிக் கார் நின்றுவிட்டது. அடுத்த வருடம் ஜூலையில் அதே மிட்-ஓஹாயோவில், அதே சாமானுடன், அவரே வென்றார்.