கட்சிக்கு ஒரு வாக்கு, கொள்கைக்கு ஒரு வாக்கு: மிசூரி மாநிலத்தை முன்வைத்து

தன் கட்சி எதிர்க்கும் சட்டத்தை ஆதரித்துக்கொண்டே அக்கட்சிக்கு வாக்களிப்பவரை விவரம் அறியாதவர் என்று ஒதுக்கும் போக்கு அரசியல் ஆய்வில் நெடுநாளாக உண்டு. கேம்பெல், கான்வர்ஸ், மில்லர், ஸ்டோக்ஸ் நால்வரும் 1960இல் வெளியிட்ட 'அமெரிக்க வாக்காளர்' நூல், கட்சிப் பற்றைப் பெரிதும் குடும்பவழி வரும் பிணைப்பாகக் கண்டது. அதை ஏற்கலாம். அதைக்கொண்டு, இவர்களுக்குக் கொள்கைத் தெளிவு இல்லை என்று முடிவுகட்டுவதை ஏற்க இயலாது. அமெரிக்காவின் மிசூரி மாநிலமே அதற்கு வலுவான மறுப்பு.

அங்கே போதிய கையொப்பம் திரட்டினால் குடிமக்களே ஒரு முன்மொழிவை நேரடி வாக்கெடுப்புக்குக் கொண்டுவரலாம். சட்டமன்றம் இயற்றிய சட்டத்தையும் வாக்கெடுப்புக்கு இழுக்கலாம். தொழிற்சங்கங்களை நலிவடையச் செய்யும் என்று தொழிலாளர்கள் அஞ்சிய ஒரு சட்டத்தைக் குடியரசுக் கட்சி 2017இல் இயற்றியது. 2018 ஆகஸ்டில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் அதை நிராகரித்தனர். மூன்றே மாதத்தில், அச்சட்டத்தை எதிர்த்த ஜனநாயகக் கட்சியின் செனட்டர் கிளேர் மெக்காஸ்கில் அதே மாநிலத்தில் தோற்றார்.

ஆகஸ்டில் வந்தவர்கள் வேறு, நவம்பரில் வந்தவர்கள் வேறு என்று மறுக்கலாம். 2024 நவம்பர் 5 அதற்கு இடம் வைக்கவில்லை. அன்று அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் டிரம்ப் மிசூரியில் பெற்றது 58.5 சதவீதம், ஜனநாயகக் கட்சியின் கமலா ஹாரிஸ் சுமார் 40. அதே வாக்குச்சீட்டில் கருக்கலைப்பு உரிமைக்கு 51.6 சதவீதமும், 15 டாலர் குறைந்தபட்ச ஊதியத்தையும் ஊதியத்துடன் கூடிய மருத்துவ விடுப்பையும் தரும் முன்மொழிவுக்கு 57.6 சதவீதமும் கிடைத்தன. டிரம்புக்கு வாக்களிக்காத அனைவரும் இரண்டையும் ஆதரித்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் டிரம்ப் வாக்காளரில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் கருக்கலைப்பு உரிமையையும், நான்கில் ஒருவருக்கும் மேல் விடுப்பையும் ஆதரித்தால்தான் இக்கணக்கு நேராகும்.

வேட்பாளர் பெயருக்கு அருகே கட்சிப் பெயர் இருக்கும். முன்மொழிவுக்கு அது இல்லை. வேறுபாடு இங்கேதான் தொடங்குகிறது என்பது என் துணிபு. ஜெஃப்ரி கோஹன் 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு நலத்திட்டத்தைத் தம் கட்சி ஆதரிப்பதாகச் சொன்னதும், அது தாராளமானதா கடுமையானதா என்று பாராமல் மாணவர்கள் ஆதரித்தனர். திட்டத்தின் தன்மையைக் கொண்டே முடிவெடுத்ததாகவும் நம்பினர். கட்சியின் பெயர் அகன்றால், கூலி வாங்குபவரின் சொந்த அறிவு பேசுகிறது. குடியேற்றம், துப்பாக்கி உரிமை ஆகியவற்றை ஊதியத்தைவிட மேலாக மதித்துக் கட்சியைத் தேர்ந்தவர்களும் உண்டு. அவர்களிடம் முரண் என்பதே இல்லை, முன்னுரிமைதான் உண்டு.

ஆனால் இந்தப் பிளவுக்கு விலை கொடுப்பவர் வாக்காளரே. 2025இல் சட்டமன்றம் அந்த விடுப்பை ரத்து செய்தது, ஆளுநர் கையொப்பமிட்டார். அது அரசியலமைப்புத் திருத்தமாக அல்லாமல் சாதாரணச் சட்டமாக நிறைவேறியதால் இது எளிதாயிற்று. விடுப்புக்கு வாக்களித்தவர் அடுத்த தேர்தலிலும் கட்சியை விட்டு நீங்கமாட்டார் என்ற உறுதி உறுப்பினர்களுக்கு இருந்தது. பாதுகாப்பான தொகுதியில் அவர்கள் அஞ்சுவது உட்கட்சித் தேர்தலுக்கே.

அதே ஆண்டு செப்டம்பரில், குடிமக்கள் கொண்டுவரும் அரசியலமைப்புத் திருத்தம் எட்டு நாடாளுமன்றத் தொகுதிகளிலும் தனித்தனியே பெரும்பான்மை பெற வேண்டும் என்ற திட்டத்தைச் சட்டமன்றம் நிறைவேற்றி, மக்களின் வாக்குக்கு அனுப்பியது. கருக்கலைப்பு உரிமைக்குக் கிடைத்ததுபோல மாநிலம் முழுவதும் 51.6 சதவீதம் பெறுவது மட்டும் அந்த விதியின் கீழ் வெற்றியாகாது. ஒரே ஒரு தொகுதி மறுத்தாலும் போதும்.