அக்கூஸ்டிக் கிட்டாருக்கான மைக்

அக்கூஸ்டிக் கிட்டாரை வீட்டில் பதிவு செய்வோர் பெரும்பாலும் நாடுவது சிறு சவ்வுள்ள கண்டென்சர் மைக்கை. நகம் கம்பியில் உரசும் ஒலியைக்கூட அது தவறவிடாது. இவ்வகையில் பேர்பெற்றது 1966-இல் வந்த நாய்மன் கேஎம் 84. நார்வே வானொலி நிலையத்தில் அவசர விளக்குகளுக்காக 48 வோல்ட் மின்சாரம் ஏற்கெனவே இருந்தது. அந்த நிலையத்துக்காக இந்த மைக்கை அதிலேயே இயங்கும்படி அமைத்தார்கள். இன்றைய ஆடியோ இன்டர்ஃபேஸ்களில் காணும் 48 வோல்ட் பொத்தானின் பூர்வீகம் இதுதான்.

விலையைவிட வைக்கும் இடம் முக்கியம். ஒலித்துளைக்கு நேராக வைத்தால் கீழ்ஸ்தாயி குமுறும். 12-ஆம் ஃபிரெட்டை நோக்கி 20–30 செ.மீ. தள்ளி வைத்தால் சமன்படும்.

மின்விசிறி இரைச்சலும் கண்டென்சரில் தெளிவாகவே விழும். சத்தமான அறையில், கிட்டாருக்கு நெருக்கமாக வைத்த ஷூர் எஸ்எம்57 போன்ற டைனமிக் மைக் ஓரளவு சமாளிக்கும். மேல்ஸ்தாயியின் மினுமினுப்பு சற்றுக் குறையும், கெய்னையும் கூட்ட வேண்டியிருக்கும்.